குதிகால் வலியும் கான்கிரீட் பாதையும்: காலாங் ஆற்றோரம் நடப்பவர்களுக்கும் ஓடுபவர்களுக்கும்

தூங்கி எழுந்து தரையில் வைக்கிற முதல் அடியில் குதிகால் சுரீர் என்கிறது. பல் துலக்கி முடிப்பதற்குள் பாதி குறைந்துவிடுகிறது. எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது வலி இருந்ததே மறந்துபோகிறது. மதியம் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடியும் அதே சுரீர். சிங்கப்பூரின் பூங்கா இணைப்புப் பாதையில் நாள் தவறாமல் நடக்கிற, ஓடுகிற யாருக்காவது இப்படி ஆரம்பித்திருந்தால் மேற்கொண்டு படியுங்கள். எனக்கு இதில் ஒரு வருடத்தின் பெரும்பகுதி போயிற்று. செலவு 1,400 சிங்கப்பூர் வெள்ளிக்குப் பக்கம். உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் அதில் உண்மையிலேயே காலுக்குப் பயன்பட்டது 350 வெள்ளிக்குள் அடங்கிவிடும். ஆரம்பத்திலேயே யாராவது நாலு வார்த்தை சொல்லியிருந்தால் மீதிப் பணம் பையிலேயே இருந்திருக்கும்.

நான் போவது பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் தொடங்கி, காலாங் ஆற்றை ஒட்டி, பிராடல் சாலையைத் தாண்டி, தோ பாயோவுக்கும் போத்தோங் பாசிருக்கும் நடுவே இறங்கி, காலாங் படுகைப் பக்கம் போகும் பாதை. பூங்காவுக்குள் 2.7 கிலோமீட்டருக்கு நேர்க்கோடாக ஓடிய கான்கிரீட் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்து நெளியும் ஆறாக்கி 2012இல் திறந்தார்கள். விடுதலை ஆற்றுக்குத்தான்; நம் காலுக்குக் கீழே இருப்பது இன்னமும் பெரும்பாலும் கான்கிரீட்டும் தாரும்தான். ஆனாலும் அருமையான பாதை. நிழல் உண்டு, ஏற்றம் கிடையாது, நீர்நாய்க் குடும்பம் கரையேறி மீனைக் கடித்துக்கொண்டிருக்கும். இந்தச் சுகத்தில்தான் வில்லங்கம். புக்கிட் தீமா மலை போன்ற மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கி உடம்பே போதும் என்று சொல்லிவிடும். தட்டையான பாதையில் அப்படி எதுவும் தடுக்காது. தூரம் கூடிக்கொண்டே போகும். மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் பழக மாதக்கணக்காகும். அந்த இடைவெளியில்தான் குதிகால் மாட்டிக்கொள்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிலோமீட்டர் நடக்க ஏறத்தாழ 1,300 அடி வைக்கிறோம். ஓடும்போது நிமிடத்துக்கு 165 அடி என்று வைத்தால், 35 நிமிட ஓட்டத்துக்கு 5,775 அடி. ஒரு காலுக்கு 2,900 பக்கம். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் தரை திருப்பித் தருவது உடல் எடையைவிடச் சற்றுக் கூடுதலான விசை, ஓடும்போது இரண்டு முதல் மூன்று மடங்கு. இதைப் படித்ததும் எல்லாரும் கான்கிரீட்டைத் திட்டுவார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. தரை கடினமாக இருந்தால் முழங்காலும் கணுக்காலும் தாமாகவே கொஞ்சம் கூடுதலாக மடங்கி ஈடுகட்டும். கடினம் மட்டுமே ஒருவரைப் படுக்க வைத்துவிடாது. மாறாமல் ஒரே மாதிரி இருப்பதுதான் தொல்லை. மண் பாதையில் ஒவ்வோர் அடியும் ஒவ்வொரு கோணத்தில் விழும், சுமை பாதத்தில் அங்குமிங்கும் பகிர்ந்துபோகும். கான்கிரீட்டில் 2,900 அடியும் ஒரே இடத்தில் விழும். போதாததற்கு, மழைநீர் வடிவதற்காகப் பாதை ஒரு பக்கம் லேசாகச் சரிந்திருக்கும். தினமும் ஒரே ஓரத்தில், ஒரே திசையில் போய், திரும்பி வர பேருந்தோ ரயிலோ பிடிக்கிறவர்களுக்கு ஒரு கால் மட்டும் எப்போதும் பள்ளத்தில் இருக்கும். போன வழியே திரும்பி வந்தால் இந்தச் சிக்கல் பாதி தீர்ந்துவிடும். வாரத்தில் ஒரு நாளாவது புல்வெளியிலோ, அருகிலுள்ள விளையாட்டரங்கின் ரப்பர் தடத்திலோ, மெக்ரிட்சி நீர்த்தேக்கத்து மண் பாதையிலோ நடப்பதும் இதற்காகத்தான்.

இனி வலி. ஊரில் குதிவாதம் என்பார்கள். மருத்துவர் எழுதித் தருவது பிளான்டார் ஃபேஷியைட்டிஸ். குதிகால் எலும்பின் அடியிலிருந்து கால் விரல்கள் வரை தடித்த பட்டை ஒன்று ஓடுகிறது. பாதத்தின் வளைவை வில் என்று வைத்தால் அந்தப் பட்டைதான் நாண். ஒவ்வோர் அடியிலும் குதிகால் எழும்பி விரல்கள் மடங்கும்போது அது இழுபடும். குதிகால் எலும்பில் அது ஒட்டியிருக்கும் இடம்தான் முதலில் நொந்துபோகிறது. இரவு முழுக்க அந்தப் பட்டை சுருங்கிக் கிடக்கிறது. காலையில் முதல் அடியில் சட்டென்று இழுபடுவதால்தான் அந்தச் சுரீர். கெண்டைக்கால் தசை இறுகியிருப்பவர்கள், எடை கூடியவர்கள், நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர்கள் ஆகியோரிடம் இது அதிகம். நான் வகுப்பறையில் நின்றே பிழைப்பவன் என்பதால் ஓட்டத்தை நிறுத்தியும் வலி நிற்கவில்லை. ஓய்வெடுத்தும் ஏன் போகவில்லை என்று புரியாமல் தவித்ததுதான் அந்த மாதங்களின் பெரிய வேதனை. வெளியே பார்த்தால் வீக்கம் இல்லை, கட்டு இல்லை. நொண்டிக்கொண்டு நடந்தால் "வயசாகுதில்ல, சார்" என்பார்கள். வீட்டிலும் சொல்வதை நிறுத்திவிட்டேன். இனி இப்படியேதான் இருக்குமோ என்ற பயம் அதிகாலையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் வரும்.

இதுதானா என்று நீங்களே பார்க்கலாம். உட்கார்ந்து, வலிக்கிற காலை மற்ற தொடைமேல் போட்டு, ஒரு கையால் கால் விரல்கள் ஐந்தையும் முழங்காலை நோக்கி இழுத்துப் பிடியுங்கள். அடிப்பாதத்தில் கயிறுபோல் ஒன்று புடைக்கும். மற்ற கையின் கட்டைவிரலால் குதிகாலின் உட்பக்க முன்முனையை, அதாவது வளைவு தொடங்கும் இடத்தை அழுத்துங்கள். ஒரே புள்ளியில் உயிர் போகிற மாதிரி வலித்தால் பெரும்பாலும் இதுதான். மாறாக, குதிகாலை இரு பக்கமும் உள்ளங்கையால் வைத்து நசுக்கும்போது வலித்தால் எலும்பில் விரிசலாக இருக்கலாம். அப்போது ஓட்டத்தை அன்றே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். படுத்திருக்கும்போதே வலிப்பது, மரத்துப்போவது, எரிவது, சிவந்து வீங்குவது, காய்ச்சல், இரண்டு குதிகாலிலும் வலியோடு காலையில் முதுகும் நெடுநேரம் விறைத்திருப்பது, இவையும் வேறு கதை. வீட்டில் வைத்துக்கொண்டு இருக்கக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் எதற்கும் முதலில் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டிவிடுங்கள். உணர்ச்சி குறைந்த பாதத்தில் கொப்புளம் வந்தாலும் தெரியாது.

உணர்ச்சி குறைந்த பாதம் என்றதும் செங்கல் நினைவுக்கு வருகிறது. குதிவாதம் என்று நம்மாட்களிடம் சொன்னால் மறு நொடியே வரும் மருந்து: செங்கல்லைச் சுட வைத்து, மேலே எருக்க இலையைப் பரப்பி, குதிகாலை அழுத்தி ஒத்தடம் கொடு. "தம்பி, எங்கப்பாவுக்கு மூணே நாள்ல போச்சு" என்று கோப்பிக் கடையில் ஒரு பெரியவர் சத்தியம் செய்தார். வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டு அடுப்பில் செங்கல் சுட வைக்கும் காட்சியை நினைத்தாலே சிரிப்பு வருகிறது. சூடு கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், அதில் பொய்யில்லை. பட்டை தேறுவது சூட்டினால் அல்ல. சர்க்கரை நோயாளிக்கு இதைச் செய்து பாதம் வெந்துபோனால் குதிவாதத்தைவிடப் பெரிய வினை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் அது தனிக் கொடுமை.

பணம் போன வழியைச் சொல்லிவிடுகிறேன். முதலில் தனியார் மருந்தகம் (கிளினிக்), எக்ஸ்ரே, வலி மாத்திரை: 150 வெள்ளி. எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பில் ஒரு சின்னக் கொம்பு தெரிந்தது. அதைப் பார்த்ததும் குடல் நடுங்கிவிட்டது. எலும்பு முளைத்திருக்கிறது, அறுவை சிகிச்சைதான் என்று நினைத்துவிட்டேன். அந்த எலும்பு முளை வலியே இல்லாத பலருக்கும் இருக்கிறது. வலிக்குக் காரணம் பெரும்பாலும் அது அல்ல, அதை வெட்டினால் வலி போகும் என்பதும் இல்லை. இதை முதலிலேயே தெரிந்துகொண்டிருந்தால் சில இரவுகள் தூங்கியிருக்கலாம். அடுத்து ஒரு கடையில் பாதத்தை ஸ்கேன் செய்து, நிறம் நிறமாகப் படம் காட்டி, காலணிக்குள் போட அளவெடுத்துச் செய்த உள்பாத அட்டைக்கு 420 வெள்ளி வாங்கினார்கள். பொதுவாக இந்த வலிக்கு, அளவெடுத்துச் செய்த அட்டையும் கடையில் தொங்கும் 40, 50 வெள்ளி ஆயத்த அட்டையும் ஏறத்தாழ ஒரே பலன்தான் தருகின்றன. இரண்டுமே தற்காலிகத் துணை. பாதத்தின் அமைப்பில் வேறு குறை இருக்கிறது என்று மருத்துவரோ பாத மருத்துவரோ சொன்னால் மட்டுமே அளவெடுப்பதில் பொருள் உண்டு. ஜெல் குதிகால் மெத்தைகள் 60. உருவிவிடும் இடத்தில் 200. இரண்டு ஜோடி காலணி 290. கடைசியாகத் தனியார் இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) இரண்டு தடவை, 280. அந்த 280இல் முதல் 140தான் எல்லாவற்றையும் மாற்றியது.

மலிவான வழி ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. பலதுறை மருந்தகத்துக்கு (அரசாங்கப் பாலிகிளினிக்) போய், அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு பொது மருத்துவமனையின் இயன்மருத்துவப் பிரிவுக்கோ பாத மருத்துவப் பிரிவுக்கோ போனால் மானியத்தோடு குறைந்த கட்டணம் கிடைக்கும். கடிதம் இல்லாமல் நேராகப் போனால் தனியார் கட்டணம். கடிதத்தோடு போனால் காத்திருக்க வேண்டும், சில வாரம் ஆகலாம், கூடவும் ஆகலாம். அதனால் வலி ஆரம்பித்து இரண்டு மூன்று வாரத்தில் குறையவில்லை என்றால் உடனே கடிதம் வாங்கிவிடுங்கள். காத்திருக்கும் காலத்தில் கீழே சொல்லும் பயிற்சியைத் தொடங்கலாம். ஸ்டீராய்டு ஊசி பற்றியும் யாராவது சொல்வார்கள். சில வாரம் வலி அடங்கும், ஆனால் பட்டை கிழிவதற்கும் குதிகாலின் கொழுப்பு மெத்தை தேய்வதற்கும் வாய்ப்பு உண்டு. ஊசி போட்ட தெம்பில் ஓடப் போவதுதான் இன்னும் மோசம். அதிர்வலைச் சிகிச்சை என்பது, அதாவது வலிக்கிற இடத்தில் கருவியால் அதிர்வலை பாய்ச்சுவது, பயிற்சி செய்தும் ஆறு மாதத்துக்கு மேல் தேறாதவர்களுக்குப் பேச வேண்டிய விஷயம். முதல் மாதத்திலேயே யாராவது விற்க வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி அந்த 140 வெள்ளிப் பாடம். இரண்டே பயிற்சி. முதலாவது, கட்டிலை விட்டு இறங்கும் முன். காலை மடியில் போட்டு, விரல்களின் அடிமூட்டைப் பிடித்து முழங்காலை நோக்கி இழுத்து, 10 எண்ணும் வரை பிடித்து விடுங்கள். 10 தடவை. கட்டைவிரலை மட்டும் இழுத்தால் பாதி வேலைதான்; ஐந்து விரலும் சேர்ந்து வர வேண்டும். நாளில் மூன்று வேளை, அதில் ஒன்று எழுந்ததும், இன்னொன்று நெடுநேரம் உட்கார்ந்து எழுவதற்கு முன். காலைச் சுரீர் இதிலேயே நன்றாகக் குறையும்.

இரண்டாவதுதான் உண்மையான மருந்து, அதற்குத் தேவை அடுக்குமாடி புளோக்கின் மாடிப்படியும் ஒரு துண்டும். குளியல் துண்டைத் தடிமனாகச் சுருட்டிப் படியின் விளிம்பில் வையுங்கள். பாதத்தின் முன்பகுதி படியில், விரல்கள் சுருட்டிய துண்டின்மேல் மேல்நோக்கி மடங்கிய நிலையில், குதிகால் படிக்கு வெளியே தொங்க வேண்டும். துண்டு இல்லாமல் செய்தால் கெண்டைக்கால் மட்டும்தான் உழைக்கும். விரல்கள் மடங்கினால்தான் அடிப்பாதப் பட்டைக்குச் சுமை ஏறும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற ஒற்றைக் காலில், 3 விநாடியில் மெதுவாக எழும்பி, உச்சியில் 2 விநாடி நின்று, 3 விநாடியில் இறங்குங்கள். 12 தடவை ஒரு சுற்று, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். ஒற்றைக் காலில் முடியாவிட்டால் இரு காலாலும் தொடங்கலாம். இரண்டு வாரம் கழித்து முதுகுப் பையில் 5 கிலோ அரிசிப் பையைப் போட்டு 10 தடவை, நாலு சுற்று. மேலும் இரண்டு வாரத்தில் எடையைக் கூட்டி 8 தடவை, ஐந்து சுற்று. கடைசித் தடவை கஷ்டப்பட்டுத்தான் எழும்ப வேண்டும். எளிதாக இருந்தால் எடை போதவில்லை என்று பொருள். அவசரமாக எழும்பி இறங்குகிறவர்களுக்கு இது பலிக்காது. மின்தூக்கி இருப்பதால் மாடிப்படியில் ஆள் நடமாட்டம் குறைவு, இருந்தாலும் ஈரமான படியில் வேண்டாம்.

செய்யும்போது கொஞ்சம் வலிக்கும், அது பரவாயில்லை. பத்துக்கு மூன்று என்ற அளவைத் தாண்டக் கூடாது. உண்மையான தேர்வு மறுநாள் காலை முதல் அடியில்: நேற்றைவிட மோசமாக இருந்தால் சுமையைக் குறையுங்கள், அதே அளவிலோ குறைவாகவோ இருந்தால் தொடருங்கள். முதல் மாதத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. எனக்குச் சலித்துப்போய், துண்டைத் தூக்கி எறிய வேண்டும்போல் இருந்தது அப்போதுதான். மூன்றாவது மாத வாக்கில்தான் வித்தியாசம் துலங்கும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் போய்விடுகிற வலி இது. இதை யாரும் சொல்லாததால்தான் மாதத்துக்கு ஒரு சாமான் வாங்குகிறோம். இடையில் வலி கூடும் மாலைகளில் அரை லிட்டர் போத்தலில் தண்ணீர் நிரப்பி உறைய வைத்து, காலுறை போட்ட பாதத்தால் பத்து நிமிடம் உருட்டலாம். இதம் கிடைக்கும், அவ்வளவுதான்.

பயிற்சியைவிட அதிகம் வாதம் செய்ய வேண்டியிருந்தது வீட்டுக்குள் செருப்புப் போடுவது பற்றி. நம் வீடுகளில் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, பளிங்குத் தரையில் நாள் முழுக்க வெறுங்காலோடு திரிகிறோம். சமையலறையில் ஒரு மணி நேரம் நிற்பது குதிகாலுக்கு ஒரு நல்ல நடைக்குச் சமம். வீட்டுக்குள் மட்டும் போட ஒரு ஜோடி தடித்த செருப்பு வாங்கி, இரவு கட்டிலுக்கடியில் வைத்துவிடுங்கள். முதல் அடியே அதில்தான் விழ வேண்டும். பூசை அறைக்கு முன் கழற்றிக்கொள்ளலாம். அம்மாக்கள் முதலில் முகம் சுளிப்பார்கள், பிறகு தங்களுக்கும் ஒரு ஜோடி கேட்பார்கள். தட்டையான ஜப்பான் செருப்பு இதற்கு உதவாது.

காலணி விஷயத்தில் சிங்கப்பூருக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. அலமாரியில் இரண்டு மூன்று வருடம் பத்திரமாக வைத்த நல்ல காலணி, போட்டுக்கொண்டு பாதி வழி போனதும் அடிப்பாகம் கேக்காக உதிரும், இல்லாவிட்டால் வாயைப் பிளந்துகொண்டு தொங்கும். பாலியூரித்தேன் நுரையாலான அடிப்பாகம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, மெல்ல மெல்லச் சிதைந்துபோவதால் வருவது இது. போடாமல் வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம். ஈவிஏ எனப்படும் இன்னொரு வகை நுரை அப்படி உதிராது, ஆனால் பசை விட்டுப்போகும். அதனால் தள்ளுபடியில் இரண்டு ஜோடி வாங்கி ஒன்றைச் சேமிப்பது இங்கே லாபமில்லை. பழைய காலணியை எடுக்கிறீர்கள் என்றால் முதலில் அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, இரு கையாலும் வளைத்துப் பாருங்கள். மாவு மாதிரி ஏதாவது உதிர்ந்தால் குப்பைத் தொட்டிக்குத்தான். ஓடும் காலணி பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும். அடி ரப்பர் தேயாமல் இருந்தாலும் நடு நுரை செத்துப்போயிருக்கலாம். பக்கவாட்டில் கிடைமட்டச் சுருக்கங்கள் விழுந்திருப்பதுதான் அடையாளம். வாங்கும்போது மாலையில் போங்கள், பாதம் அப்போது சற்று ஊதியிருக்கும். நின்ற நிலையில் நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். நம்மில் பலருக்கு முன்பாதம் அகலம், அகல அளவு இருக்கிறதா என்று கேளுங்கள். குதிகால் வலி இருக்கும்போது குதிகால் பக்கம் முன்பக்கத்தைவிட 8 முதல் 10 மில்லிமீட்டர் உயர்ந்த காலணிதான் இதம். தட்டையான, மெலிந்த வகையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மழையில் நனைந்தால் உள்அட்டையை வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, இரண்டு மணி நேரத்தில் தாளை மாற்றி, மின்விசிறிக்கு முன்னால் வையுங்கள். வெயிலில் காய வைத்தாலோ துணி உலர்த்தியில் போட்டாலோ பசை போய்விடும்.

திரும்ப ஓடத் தொடங்குவதற்கு முன் இரண்டு நிபந்தனை. அரை மணி நேரம் விறுவிறுவென்று நடந்தும் மறுநாள் காலை வலி கூடாமல் இருக்க வேண்டும். ஒற்றைக் காலில் 20 தடவை குதிகாலை எழுப்ப முடிய வேண்டும். அது முடிந்தால், ஐந்து நிமிட நடைக்குப் பின் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று பத்துச் சுற்று. ஒருநாள் விட்டு ஒருநாள்தான். ஒரு வாரம் காலை வலி கூடாவிட்டால் இரண்டு நிமிட ஓட்டத்துக்கு இரண்டு நிமிட நடை, அடுத்து மூன்றுக்கு ஒன்று. தூரத்தைக் கூட்டும் வாரத்தில் வேகத்தைக் கூட்டாதீர்கள். போன தூரத்தைத் திரும்பி வந்தாக வேண்டும் என்பதால் ஆரம்ப நாள்களில் நேராகக் காலாங் பக்கம் இறங்காமல், பீஷான் பூங்காவுக்குள்ளேயே சுற்றுவது நல்லது. எந்த இடத்தில் வலித்தாலும் பத்து நிமிடத்தில் பேருந்து நிறுத்தம் வந்துவிடும்.

பல மாதம் ஓடாமல் இருந்துவிட்டு வருகிறவர்களுக்குக் குதிகாலைவிட வெயில் பெரிய எதிரி. இந்த வெப்பத்துக்கு உடம்பு பழக இரண்டு வாரம் வேண்டும். பழகிய உடம்பும் சில வாரம் சும்மா இருந்தால் அதை மறந்துவிடும். இங்கே சூரியன் எழுவது காலை ஏழு மணி வாக்கில். அதற்கு முன் குளிர்ச்சிபோல் தெரியும், ஆனால் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும், வேர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். வேர்வை சொட்டினால் உடம்பு குளிராது, ஆவியானால்தான் குளிரும். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஇஎன்வி செயலியில் வெப்ப அழுத்த அளவு இருக்கிறது: 31 டிகிரிக்குக் கீழே குறைவு, 31 முதல் 33க்குள் மிதம், 33ஐத் தொட்டால் அதிகம். சாதாரண வெப்பநிலையை வைத்து இதை எடைபோடாதீர்கள். இது ஈரப்பதம், வெயில், காற்று எல்லாம் சேர்ந்த அளவு. ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட ஓட்டத்துக்குத் தாகத்துக்குக் குடித்தால் போதும். அதற்கு மேல் போனால், ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள்: ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் வேர்வை. வெயிலில் புல்லரிப்பது, தலை சுற்றுவது, நடை தடுமாறுவது எல்லாம் அந்த இடத்திலேயே நிழலுக்குப் போகச் சொல்லும் அறிகுறி. கூட வந்தவர் பேச்சுக் குழறினால் 995. ஆம்புலன்ஸ் வரும்வரை தண்ணீரை ஊற்றிக் குளிர வைத்துக்கொண்டே இருங்கள்.

மழையும் மின்னலும் இந்தப் பாதையில் இரட்டைத் தொல்லை. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 168 நாள் இடி இடிக்கிறது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடிக்குள் இருந்தால் உடனே வெளியேறி, புளோக்கின் கீழ்த்தளத்துக்குப் போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் கழித்துக் கிளம்பலாம். மரத்தடியும், பூங்காவின் திறந்த கூடாரமும் பாதுகாப்பு அல்ல. பீஷான் பூங்காவில் ஆற்றை ஒட்டிய தாழ்வான பாதை வெள்ளத்தில் மூழ்குவதற்கென்றே அமைக்கப்பட்டது. மேலே எங்கோ பெய்த மழைக்கு இங்கே நீர் சட்டென்று ஏறும். சைரனும் விளக்கும் அடித்தால் படம் எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஏறுங்கள்.

மழைக்கு மறுநாள் காலைதான் வழுக்கும் நாள். நிழலான இடங்களில் கான்கிரீட்டில் மெல்லிய பச்சைப் பாசி படிந்திருக்கும், சாம்பல் நிறத் தரை அங்கே சற்றுக் கறுத்துத் தெரியும். கால்வாய் மேலிருக்கும் இரும்புச் சட்டம், சாயம் அடித்த கோடு, மரப் பலகை எல்லாம் ஈரத்தில் ஒரே ரகம். அந்த இடங்களில் எட்டு வைப்பதைச் சிறிதாக்கி, பாதம் முழுவதும் பதிய நடங்கள். மஞ்சாடி மரத்தடியில் சிதறிக் கிடக்கும் சிவப்பு விதைகள் காலடியில் உருளும். ஓடுகிறவர்கள் கணுக்காலைத் திருப்பிக்கொள்ள அதுவே போதும்.

சைக்கிள்களுக்கு இந்தப் பாதைகளில் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை அனுமதி, நடைபாதையில் 10 மட்டும். பின்னாலிருந்து 25இல் வருகிறவர் நம்மை எட்டுவதற்குள் நமக்கு யோசிக்க நேரமிருக்காது. இடப்பக்கம் போங்கள், திரும்பும் முன் தோளுக்கு மேல் பாருங்கள், ஒரு காதையாவது திறந்து வையுங்கள். வலி வந்து சட்டென்று நிற்க நேர்ந்தால் முதலில் ஓரம் ஒதுங்குங்கள், பிறகு காலைப் பிடியுங்கள். தனியாக ஓடுகிறவர்கள் அவ்வப்போது அருகிலுள்ள புளோக் எண்ணைப் பார்த்துக்கொண்டே போவது நல்ல பழக்கம். 995ஐ அழைத்தால் முதலில் கேட்பது எங்கே இருக்கிறீர்கள் என்பதைத்தான். பல புளோக்குகளின் மின்தூக்கிக் கூடத்தில் இதய மின்னதிர்ச்சிக் கருவியும் மாட்டியிருப்பார்கள்.